ட்ரக்கில் அப்பா வைத்திருந்த புத்தகங்கள்

என் தங்க அப்பா,

அம்மா படுத்துவிட்டார். அவருடைய அறைக் கதவு பாதி திறந்திருக்கிறது. நான் உடுப்பு அலுமாரிக்குள் குந்தியிருந்து, போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். இங்கிலீஷில் எழுதினால் எனக்குச் சுகம். ஆனால் நீங்கள் இங்கிலீஷை ஒவ்வொரு சொல்லாக, விரல் வைத்து, வாயசைத்துத்தான் வாசிப்பீர்கள். உங்களைக் களைக்க வைக்க எனக்கு விருப்பமில்லை. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை நான் விட்டுக் கனகாலம்.

அப்பா, உங்கள் புத்தகங்கள் பிடிபட்டுவிட்டன.

அடுத்த சனிக்கிழமை, நீங்கள் போய் ஒரு வருசம் முடிய, உங்களுடைய ஆட்டைத் திவசம். அதற்கு முதல் வீட்டை ஒதுக்க வேண்டும் என்று சித்தப்பா வந்தார். மிசிசாகாவில் ட்ரக்குகள் நிறுத்தும் யார்டில் உங்கள் ட்ரக்கிலிருந்து எடுத்துத் தந்த கறுப்புப் பைகள் இவ்வளவு காலமும் எங்கள் பில்டிங்கின் கீழ்மாடி லொக்கரில்தான் கிடந்தன. அம்மாவால் அவற்றைத் தொட முடியவில்லை. சித்தப்பா மேலே கொண்டுவந்து ஒவ்வொன்றாக அவிழ்த்தார். உங்கள் போர்வை, சின்ன ரைஸ் குக்கர், ட்ரக்கின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்த பிள்ளையார். கடைசிப் பையில் புத்தகங்கள்.

சித்தப்பா முதல் புத்தகத்தைப் புரட்டினார். முதல் பக்கத்தில் சிலுவை போட்ட முத்திரை இருந்தது. அடுத்ததிலும் இருந்தது.

“அண்ணி, அண்ணை கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிப்போட்டார் போலக் கிடக்கு” என்றார்.

“விசர்க் கதை கதையாதை தம்பி. இவரோ? கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் பட்டினி கிடக்கிற மனுசன்.”

“அப்ப உது என்ன? செபப் புத்தகம். உது, கிறிஸ்தவக் குடும்பம் எப்பிடி இருக்க வேணும் எண்டது. உது அமெரிக்காக்காரன்ர சரித்திரம். உதுகளை வைச்சு அந்த மனுசன் ட்ரக்குக்குள்ள என்ன செய்தவர்?”

அம்மா என்னைப் பார்த்தார். நான் பிள்ளையாரை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்க ஒன்றுமே இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருவதாகவும், எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் போட்டு வைக்கும்படியும் சித்தப்பா சொன்னார். றீசைக்கிளுக்குள் போட்டுவிடுவாராம். திவசத்துக்கு வருகிற சனத்தின் கண்ணில் படக் கூடாதாம்.

அவர் போன பிறகு அம்மா கோப்பை கழுவிக்கொண்டே கேட்டார். என்னையா, தண்ணீரையா கேட்டார் என்று தெரியவில்லை.

“அவர் அங்கால மாறியிருந்தால், நான் ஐயரைக் கூப்பிட்டு எள்ளும் தண்ணியும் இறைக்கிறது அவருக்குப் போய்ச் சேருமே?”

அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. ஐயருக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகவில்லை. “நாளைக்குப் பாப்பம்” என்கிறார். ஒரு நாள், வேலைக்குப் போக உடுத்தபடி, சப்பாத்தையும் போட்டுக்கொண்டு, சோபாவில் அப்படியே இருந்தார். உங்களைத் தனக்குத் தெரியாமல் இருந்துவிட்டதோ என்று யோசிக்கிறார். நீங்கள் இல்லாததை விட அது அவரைக் கூடுதலாகத் தின்கிறது.

எனக்குத் தெரியும் அப்பா. எனக்கு மட்டும்தான் தெரியும். அதுதான் பயம்.

பென்சில்வேனியாவில் குளிக்க வரிசையில் நின்ற கதையை நீங்கள் எனக்குப் போனில் சொன்னீர்கள். ட்ரக்காரர்கள் இளைப்பாறும் இடம். உங்கள் நம்பர் வர நேரமாகும், வெளியே பனி. மூலையில் ஒரு பழைய ட்ரெய்லரைக் கிறிஸ்தவக் கோயிலாக்கி வைத்திருந்தார்கள். “சும்மா சூட்டுக்குத்தான் உள்ளுக்க போனனான்” என்றீர்கள். உள்ளே இருந்த கிழவரும் முந்தி ட்ரக் ஓடினவர். கோப்பி தந்தார், அன்றைக்கு உங்களுக்கு இருந்த வயிற்றுவலிக்கு மருந்தும் தந்தார். வாசித்துவிட்டு அடுத்த முறை திருப்பித் தரலாம் என்று ஒரு தட்டு நிறைய இருந்த புத்தகங்களைக் காட்டினார். எதை வாசிக்கலாம் என்று சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. விசுவாசம், குடும்ப வாழ்க்கை, அமெரிக்கப் பாரம்பரியம் என்று மூன்று பிரிவு.

“நடுவில இருக்கிறதில ஒண்டு தாங்கோ எண்டு கேட்டன்” என்றீர்கள்.

அதற்குப் பிறகு ட்ரக்கை நிறுத்தி ஓய்வெடுக்கும் ஒவ்வொரு இரவும் எனக்குப் போன் வந்தது. விளங்காத வசனத்தை எழுத்தெழுத்தாக வாசிப்பீர்கள். நான் ஹோம்வேர்க்கைத் தள்ளிவைத்துவிட்டு விளங்கப்படுத்துவேன். இப்படியே நானும் அந்தப் புத்தகங்களைத் துண்டு துண்டாக வாசித்துவிட்டேன். அந்தக் காலத்தில் அமெரிக்காவுக்குக் கப்பலில் வந்து இறங்கிய வெள்ளைக்காரச் சனத்தைப் பற்றிய புத்தகம் உங்களுக்கு நல்லாகப் பிடித்திருந்தது. “முதல் விண்டரிலயே பாதிச் சனம் செத்துப்போச்சுது பிள்ளை. நாங்கள் பரவாயில்லை. எங்களுக்கு பேஸ்மென்ற் ஹீற்றர் இருந்தது.” பிறகு, “அங்க முதலே இருந்த சனத்துக்கு உந்தப் புத்தகத்தில ஒரு பக்கம்தான் குடுத்திருக்கிறாங்கள்” என்றீர்கள். அந்தக் குரல் எனக்கு இன்னும் கேட்கிறது.

வீட்டுக்கு வந்தால் படித்ததைச் செய்து பார்ப்பீர்கள். மனைவியைப் பற்றி மேசையில் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று அந்தக் குடும்பப் புத்தகத்தில் இருந்தது. இடியப்பத்தைப் பிசைந்துகொண்டு, கோப்பையைப் பார்த்தபடி, “இண்டைக்குச் சொதி நல்லம்” என்றீர்கள். அம்மா கரண்டியை வைத்துவிட்டு, “என்ன, காரை எங்கயும் கொண்டுபோய் இடிச்சுப்போட்டீங்களோ?” என்று கேட்டார். நான் மேசைக்குக் கீழே குனிந்து சிரித்தேன்.

பிள்ளையைத் தனியே கூட்டிக்கொண்டு போய்ப் பேச வேண்டும் என்று இன்னொரு அத்தியாயம். கென்னடி றோட்டு டோனட் கடையில் என்னை இருத்திவிட்டு, நீண்ட நேரம் ஜன்னலைப் பார்த்தீர்கள். பிறகு, பாடமாக்கி வந்ததுபோல, “உனக்கு என்ன பயம், பிள்ளை?” என்றீர்கள். நான் “மத்ஸ் டெஸ்ற்” என்றேன். அது பொய் இல்லை. ஆனால் அதைவிட வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். இன்னும் கொஞ்ச நேரம் அந்தக் கடையில் என்னோடு இருந்திருப்பீர்கள்.

ஏன் இதெல்லாம் என்று ஒரு இரவு கேட்டேன். ஒஹாயோவில் மழை. கண்ணாடி துடைக்கிற சத்தம் கேட்டது.

“எங்கட ஐயா, உன்ர தாத்தா, போகேக்க எனக்கு நாலு வயசு. சைக்கிளில கடைக்குப் போனவர், திரும்பி வரேல்லை. ஒரு தகப்பன் வேலையால வந்தா எங்க இருப்பார், பிள்ளையோட என்ன கதைப்பார், ஒண்டும் நான் கண்டதில்லை. உவங்கள் எல்லாம் எழுதி வைச்சிருக்கிறாங்கள். சாப்பாட்டு மேசையில ஆர் எந்தக் கதிரை எண்டு கூட இருக்கு.”

பிறகு, “அம்மாட்டச் சொல்லாதை. சிரிப்பா” என்றீர்கள்.

நான் சொல்லவில்லை. இப்போது சொன்னால், இவ்வளவு காலமும் ஏன் மறைத்தாய் என்று அம்மா கேட்பார். சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் போய்விடும். இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் கூடுதல் பயம். கடைசி மாதங்களில், சாப்பிடமுதல் அந்தச் செபப் புத்தகத்தில் இருந்த சின்னச் செபத்தை நீங்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். போனைக் காதில் வைத்தபடி நானும் கூடச் சொல்லியிருக்கிறேன். நம்பித்தான் சொன்னீர்களா அப்பா? இங்கிலீஷ் பழகச் சொன்னீர்களா? நான் கேட்கவே இல்லை. கேட்டால் நிறுத்திவிடுவீர்களோ என்று பயம்.

அம்மா தண்ணீர் குடிக்க எழும்புகிறார் போலிருக்கிறது. நிறுத்துகிறேன்.

*

அப்பா, ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிட்டது. திரும்பவும் அலுமாரிக்குள்தான் இருக்கிறேன்.

சித்தப்பா காலையிலேயே வந்தார். புத்தகங்கள் மாம்பழப் பெட்டிக்குள் வாசலடியில் இருந்தன. “உவ்வளவும்தானோ?” என்று கேட்டுத் தூக்கினார். நான் கதவுக்கு முன்னால் போய் நின்றேன்.

“விலகு பிள்ளை, லிஃப்ற் வந்திடும்.”

“வையுங்கோ சித்தப்பா.”

“ஏனடி?”

“அது அப்பாவின்ர.”

“கொப்பாவின்ர எண்டுதானே பிரச்சினை.”

தமிழ் எல்லாம் எங்கோ ஓடிவிட்டது. பாதி இங்கிலீஷில், பாதி அழுகையில் சொன்னேன். ட்ரெய்லர் கோயில், கிழவர், போன், எல்லாம். சித்தப்பா இடையில் ஏதோ சொல்ல வந்தார். அம்மா, “பிள்ளையைக் கதைக்க விடு தம்பி” என்றார்.

“அவர் பழகினவர் சித்தப்பா. அப்பாவா இருக்கிறது எப்பிடி எண்டு. அவருக்கு ஒருத்தரும் காட்டேல்லையாம்.”

பிறகு அம்மா மெதுவாகக் கேட்டார்.

“அப்ப, வேலைக்குப் போகேக்க உன்ர தலையில கை வைக்கிறவர். அது?”

“ஓம் அம்மா. புத்தகத்தில இருந்தது.”

“சொதி நல்லம் எண்டது?”

“ஓம்.”

“நான் அண்டைக்குப் பார்க்கிங்குக்குப் போய் காரைச் சுத்திச் சுத்திப் பாத்தனான்” என்றார் அம்மா. சிரித்தார். சிரிப்பு நடுவழியில் வேறாகிவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “என்னட்டக் கேட்டிருக்கலாமே. எனக்கு அப்பா இருந்தவர்தானே” என்றார்.

அதற்கு உங்களிடம் பதில் இருக்குமா?

சித்தப்பா சப்பாத்துத் தட்டில் இருந்துவிட்டார். பெட்டி அவர் மடியில். தாத்தா போகும்போது அவர் ஏணைத் தொட்டிலில் கிடந்த பிள்ளை என்று நீங்கள் சொன்னது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அவருக்கு இப்போது இரண்டு சின்னப் பிள்ளைகள். வேலையால் வந்து கராஜுக்குள்தான் இருப்பார் என்று சித்தி அம்மாவிடம் குறை சொல்கிறவர்.

“அண்ணை என்னட்டயும் சொல்லேல்லையே” என்றார். “எனக்கு மட்டும் ஆர் இருந்தவை?”

பிறகு பெட்டிக்குள் கையை விட்டு அந்தக் குடும்பப் புத்தகத்தை எடுத்தார். முத்திரையைப் பார்க்காமல் நடுப்பக்கத்தைத் திறந்தார். “இங்கிலீஷ் கடுமையோ?”

“சில இடம்தான். நீங்கள் போன் எடுத்தா நான் சொல்லித் தருவன்.”

அதை ஜக்கெற்றுக்குள் வைத்து சிப்பை இழுத்தார். “சித்திக்குச் சொல்லிப்போடாதை” என்றார். பெட்டியை நிலத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்குச் சந்தோசம்தான், ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை. நீங்கள் விரல் வைத்த புத்தகம் அது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது.

பின்னேரம் அம்மா என் பக்கத்தில் வந்து இருந்தார். “அவர் நம்பினவரோ, பிள்ளை?” என்று கேட்டார்.

“எனக்குத் தெரியாது அம்மா.” சாப்பிடமுதல் செபம் சொன்னதையும் சொல்லிவிட்டேன். நானும் கூடச் சொன்னேன் என்றும் சொன்னேன். ஏச்சு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அம்மா ஏசவில்லை. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு போனை எடுத்து ஐயரைக் கூப்பிட்டார். சனிக்கிழமை காலைக்கு வரச் சொன்னார். அரிசி எவ்வளவு, எள் எவ்வளவு என்று கேட்டு எழுதினார். போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்.

“எள்ளும் தண்ணியும் நான் இறைக்கிறன். ஐயர் போன பிறகு, எல்லாரும் சாப்பிட இருக்கேக்க, நீ அந்தச் செபத்தைச் சொல்லு. தமிழில சொல்லு, எனக்கும் விளங்க வேணும். அவருக்கு எது சேருதோ, சேரட்டும்.”

“சனம் கதைக்கும் அம்மா.”

“கதைக்கட்டும். சாப்பாடு நாங்கள்தானே போடுறம்.”

அப்பா, அந்தச் செபத்தைப் பின்னேரத்திலிருந்து தமிழில் மாற்றிப் பார்த்தேன். நாலு வரிதான். ஒரு வரி சரியாக வரவில்லை, உங்களிடம் கேட்க வேண்டும் போலிருந்தது. றிச்மண்ட் ஹில் மாமாவும், எங்கள் பிள்ளையார் கோயில்காரரும், எல்லாரும் இருப்பார்கள். கண்ணை மூடினால் யாரை நினைக்க வேண்டும் என்று எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை, புத்தகத்திலும் அதை நாங்கள் இன்னும் வாசிக்கவில்லை.

ஆனாலும் சொல்வேன். கடைசி ஆள்வரை கேட்கிற மாதிரி, நின்றுகொண்டு, சத்தமாகச் சொல்வேன். யாரை நினைப்பதென்று தெரியும்வரை உங்களை நினைத்துக்கொள்கிறேன். இது சத்தியம்.

உங்கள் ஒரே பிள்ளை,
ஆரணி