லைன் மாறிப்போன ஒரு ‘டா’

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பாவின் முழங்காலைத் தவிர. நீயும் சுகமாக இருக்கிறாய் என்று நம்பியே தொடங்குகிறேன், போனில் கேட்டால் நல்லா இருக்கேன் என்பதைத் தவிர நீ வேறெதுவும் சொல்வதில்லை. அக்காவின் குழந்தை இப்போது ஆள் பார்த்துச் சிரிக்கிறாள், அப்பாவைப் பார்த்தால் மட்டும் அழுகிறாள், மீசைதான் காரணம் என்று அக்கா சொன்னதிலிருந்து எடுத்துவிடலாமா என்று அவர் கண்ணாடி முன்னால் நிற்கிறார். ஆஸ்பத்திரியில் என் பழைய டெலிபோன் சுவிட்ச்போர்டை எடுத்துவிட்டுப் புதிது வைத்திருக்கிறார்கள், பட்டன் எல்லாம் இடம் மாறிவிட்டது. நேற்று பிரசவ வார்டுக்குப் போக வேண்டிய அழைப்பைச் சமையலறைக்குக் கொடுத்துவிட்டேன், என்ன ஆச்சு என்று போன் பண்ணிய மனிதர் பதறிக் கேட்க, இன்னும் வேகலை என்று பதில் வந்ததாம்.

விஷயத்துக்கு வருகிறேன். குழந்தையின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நிற்கச் சொல்லி அக்கா உன்னைக் கேட்டதும், நீ முடியாது என்றதும், அதிலிருந்து நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளாததும்தான் இப்போது என் மனதை அரிக்கிறது. “இயேசு ரொம்ப நல்ல மனுஷன்மா, ஆனா கடவுள்னு என்னால சொல்ல முடியல, நம்பாததைச் சபை முன்னாடி எப்படிச் சொல்றது” என்று என்னிடம் சொன்னாய். எனக்குக் கோபம் வரும் என்று நானே எதிர்பார்த்தேன், வரவில்லை. பொய் சொல்ல மாட்டேன் என்கிறவனைத் திட்ட வாய் வருமா, அப்படித்தானே வளர்த்தேன். வாரா வாரம் ஆராதனையில் எழுந்து நின்று, இயேசுவைக் கடவுள் என்று அதே வார்த்தைகளைச் சொல்கிற நான், என்ன சொல்கிறேன் என்று ஒரு நாளும் யோசித்ததில்லையே என்றுதான் தோன்றியது. அதிலிருந்து கண்ணில் பட்டவரையெல்லாம் கேட்டுக் குடைகிறேன்.

ஒரே ஆள் மனிதராகவும் கடவுளாகவும் இருந்தால் பாதிப் பாதியா என்று போதகரைக் கேட்டேன். இல்லையம்மா, முழுக்க மனிதர், முழுக்கக் கடவுள் என்றார். ஒரு டம்ளர் நிறையப் பாலும் அதே டம்ளர் நிறையத் தண்ணீரும் எப்படி இருக்கும் என்று நான் விடவில்லை. அவர் சிரித்துவிட்டு, இறையியல் படிக்கப் போன நாளிலிருந்து தானும் அந்த டம்ளரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார், கடவுள் டம்ளரில் அளக்கிற சாமான் இல்லை என்பது வரைக்கும்தான் வந்திருக்கிறாராம். அப்பாவைக் கேட்டேன். ஃபேனைக் கழற்ற ஸ்டூல் மேல் ஏறி நின்றவர், இத்தனை வருஷம் வயரிங் வேலை பார்த்தும் கரண்டைக் கண்ணால் பார்த்ததில்லை, நீ முதலில் மெயினை அணைத்தாயா என்றார். அது பதிலா, தப்பித்தலா என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

போன வாரம் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் என்னை ஜெபிக்கச் சொன்னார்கள். போனில் சின்னப் பிள்ளை பேசினாலும் நீங்க என்பவள் நான், உனக்கே தெரியும். ஆண்டவரே நீர் இரங்கும், நீர் வாரும் என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் உன் முகம் வந்து நின்றதும், “ஆண்டவரே, ஒரு தடவை வந்துட்டுப் போடா” என்று சொல்லிவிட்டேன். ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. போதகரின் மனைவி பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார்.

பஸ்ஸில் வெட்கப்பட்டுக்கொண்டே வந்தேன், பாதி வழியில் ஒன்று பிடிபட்டது. நாமெல்லாம் ‘நீர்’ என்று கூப்பிடுகிறவரை ஒரு காலத்தில் பெற்றவள் ஒருத்தி, எந்தப் பாஷையிலோ, டா போட்டுத்தானே கூப்பிட்டிருப்பாள்? சாப்பிட வாடா, காலைக் கழுவுடா, இன்னும் என்னடா தூக்கம் என்று. மனிதன் எப்படிக் கடவுளாக முடியும் என்று நீ கேட்கிறாய், நியாயமான கேள்வி. எனக்கோ அது மறுபக்கம் திரும்பிவிட்டது. எல்லோருக்கும் ‘நீர்’ ஆகவே இருந்து அலுத்துப்போன கடவுளுக்கு, தன்னையும் ஒருத்தி டா என்று கூப்பிட வேண்டும் என்று ஆசை வந்தால் என்ன செய்வார்? பிறக்கத்தானே வேண்டும்? போதகரிடம் சொன்னேன், அலுப்பை மட்டும் எடுத்துவிடுங்கள், அவரைப் பிறக்க வைத்தது அன்பு என்றார், எடுத்துவிட்டேன். இது நிரூபணம் இல்லை என்று எனக்கும் தெரியும், எல்லா மனுஷனுக்கும் அம்மா உண்டும்மா என்று நீ மடக்குவாய். மடக்கு, எனக்கும் யோசிக்க ஏதாவது வேண்டுமே.

ஞானத்தகப்பன் அந்த வார்த்தைகளைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதில் போதகர் வளைய மாட்டார், நீயும் வளைய மாட்டாய். அதனால் அந்த இடத்தில் மருமகனின் தம்பி நிற்கட்டும் என்று முடிவாகிவிட்டது. அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “அவன் ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா, பக்கத்துல வந்து நின்னா போதும். தண்ணி பட்டு அவ அழுதா தூக்கிக்க மாமா வேணும்ல.” தேதி வைக்காமல் உன் பதிலுக்காக உட்கார்ந்திருக்கிறாள்.

கடைவாய்ப் பல்லை இனியும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டு. நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும் அவர் உன் கூடவே இருக்கட்டும் என்று கேட்பதை நான் விடப்போவதில்லை. ஆண்டவரிடம் மறுபடி ‘நீர்’ என்றே பேசுகிறேன். அன்றைக்கு லைன் மாறிப்போன அழைப்பை இப்போது சரியான ஆளுக்குக் கொடுக்கிறேன். ஒரு தடவை வந்துட்டுப் போடா.

இப்படிக்கு,
உன்னை டா போட உரிமையுள்ள
அம்மா