வீட்டம்மா எழுதும் பதில்கள்

என் குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. நானும் விடுதியும் ஏதோ இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் நினைப்பெல்லாம். நீ கேட்டபடி மாடி அறைகளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன், என் நிழலும் கூடவே விழுந்திருக்கிறது, திட்டாதே. வெந்நீர் வராத குளியலறையைச் சரிசெய்தாகிவிட்டது. அறைகள் நிரம்பித்தான் இருக்கின்றன, எல்லாம் நீ அங்கிருந்தபடி இணையத்தில் நடத்தும் பக்கத்தால்தான், அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும் குட்டிம்மா. உன் அம்மா இருந்தவரை, விருந்தினர் எழுதுவதற்கு அவள் போனில் பதில் சொல்லச் சொல்ல நீ தட்டுவாய், அடியில் ‘வீட்டம்மா’ என்று போடுவாய். அவள் போன பிறகும் நீ நிறுத்தவில்லை. உடனுக்குடன் பதில் போனால்தான் இணையத்தில் விடுதிகளின் பட்டியலில் நாம் மேலே நிற்போம் என்றாய், நானும் வியாபாரம்தானே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். போன வாரம் வயதான கணவனும் மனைவியும் வந்தார்கள். பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை, வீட்டம்மா எங்கே, முந்தாநாள்கூட எழுதினாங்களே, வாசல்லயே நிப்பேன்னு சொன்னாங்களே என்று அந்த அம்மாள் கேட்டார். கடைக்குப் போயிருக்கா, வந்துடுவா என்று சொல்லிவிட்டேன். அவர்கள் அறைக்குப் போகாமல் வரவேற்பறையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அவளுக்கென்று பின்னிக் கொண்டுவந்த சால்வை அந்த அம்மாளின் மடியில் இருந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள், சொன்னால் சிரிப்பாய், நானும் பார்த்தேன்.

விளக்கு போடும் நேரத்துக்கு மேல் தாங்கவில்லை. அவ செத்துப்போயிட்டாம்மா என்றேன். ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம் என்பதால் அதுவரை யாரிடமும் நான் அதைச் சொல்ல வேண்டியே வரவில்லை, என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த அம்மாள் கோபப்படவில்லை, அப்போ எங்களோட பேசினது யாரு என்று மட்டும் கேட்டார். என் மகள் என்றேன். பெத்த அம்மா மாதிரியே பேசுச்சே என்று அழுதார், நானும் அழுதேன்.

நானும் அந்தப் பதில்களைப் படிப்பவன்தான், சன்னல் பக்கத்துக் கட்டிலில் காற்று நன்றாக வரும், வந்து தூங்குங்கள் என்று நீ எழுதுவதில் அவள் குரல் கேட்கிறது. உனக்கும் கேட்பதால்தான் விட மனமில்லை என்று தெரியும், எனக்கு மட்டும் மனம் வருமா? இருந்தாலும் இனி வேண்டாம், அம்மா இறந்துவிட்டாள் என்று அந்த இணையப் பக்கத்தில் எழுதிவிடு. வருகிறவர்கள் குறைந்தால் குறையட்டும், இருக்கிற அறைகளை நான் பார்த்துக்கொள்கிறேன். முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் அவளாக இருந்து பக்கம் பக்கமாக எழுதுகிறாய், நான் அனுப்புவதற்கு மட்டும் ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. விடுதி வேலை தவிர உன்னிடமிருந்து ஒரு வார்த்தை வந்து எத்தனை நாளாயிற்று. அவளை மட்டும்தான் இழந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேளைக்குச் சாப்பிடு. எந்தக் குறையும் இல்லாமல் நீங்கள் இருவரும் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். பக்கத்தை மாற்ற மறந்துவிடாதே, இதற்குப் பதிலை நீயாகவே எழுது.

உன் அப்பா