பனிக்கட்டிக்குள் வைத்த ஏரியல்

பாயா ரும்புட், மலாக்கா
14.9.1996

அன்பு மகள் பவானேஸ்வரிக்கு அப்பா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் இங்கே எங்களுக்குக் குறையில்லை, அம்மாவின் முழங்கால் மட்டும் மழை வருமுன்பே மழையைச் சொல்லிவிடுகிறது. அமெரிக்காவின் அந்தக் குளிரில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பாய் என்று நினைத்து எழுதுகிறேன். நினைத்துத்தான் எழுத முடியும், நீ என்னோடு பேசி ஐந்து வாரம் ஆகிறது. ஞாயிறு காலையில் போன் வருகிறது, அம்மா சிரிக்கிறாள், அழுகிறாள், வைத்துவிடுகிறாள். போன வாரம் நீ சொன்னதை அவள் என்னிடம் மறைக்கவில்லை. தென் துருவத்துக்குப் போகும் பெட்டியில் உன் ஏரியலை ஏற்றப்போவதில்லை, கூட வேலை செய்பவர் வரைந்த நீளமான ஏரியலே போகட்டும், அப்பாவே தப்பு என்ற பிறகு எனக்கு எதற்கு வீம்பு என்றாயாம். பெட்டியை மாதக் கடைசியில் மூடுகிறார்களாம். அதற்குள் உன் கைக்கு வரவேண்டும் என்றுதான் இதை விரைவுத் தபாலில் போடுகிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நியூட்ரினோ என்ற துகள் பூமியையே துளைத்துக்கொண்டு போகும், மிகப் பெரிய சக்தியோடு வருவது எப்போதாவது ஒன்று பனியில் மோதினால் கண் இமைக்குமுன் ஒரு ரேடியோ அலை எழுந்து அடங்கும், அதைப் பிடிக்கத்தான் பனிக்குள் ஆழமாகக் குழி போட்டு ஏரியல் இறக்குகிறோம் என்று எழுதி, படமும் அனுப்பியிருந்தாய். முப்பது வருஷமாக இந்த ஊர்க் கூரைகளில் ஏறி ஏரியல் கட்டுகிறவன் நான். நீ எழுதிய அலைவரிசைக்கு ஒரு மீட்டர் குழாய் வேண்டும், நீ ஐம்பத்தேழு சென்டிமீட்டரில் வெட்டியிருந்தாய். பனிக்குள் அலை சுருங்கும், குழாயும் சுருங்கவேண்டும் என்று நீ சொன்னதை நான் நம்பவில்லை, கையால் அளக்காத எதையும் நான் நம்பினதில்லை. தெங்கேராவில் மீன்காரர்கள் வாங்கும் ஐஸ்கட்டி இரண்டை லோரியில் கொண்டுவந்து, நடுவில் பள்ளம் செதுக்கி, உன் அளவுக் குழாயைப் படுக்கவைத்து மேலே மற்றதை மூடினேன். வெயிலில் உருகுகிறதே என்று ஐஸ்கிரீம் விற்கும் இருளாண்டியைக் கேட்டேன். கல் உப்பை அள்ளிப் போடுங்க அண்ணே, எங்க வாளிக்கு நாங்க அதானே போடுறோம், கல்லு மாதிரி இருக்கும்லா என்றான். போட்டேன். குழாய் எந்த அலைவரிசையைப் பிடிக்கிறது என்று காட்டும் மீட்டரின் முள் செத்த பாம்பாகக் கிடந்தது. அன்றைக்கே உனக்கு எழுதிவிட்டேன், உன் பனி அலையை விழுங்குகிறது, கணக்கு தப்பு, படிப்பு ஏறினவர்களுக்குக் கை வராது என்று.

போன செவ்வாய்க்கிழமை தங்கா பத்து கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டில் படம் தெரியவில்லை என்று கூப்பிட்டார்கள். ஏறிப் பார்த்தால் ஒயர் முடுக்கிய இடமெல்லாம் கடல் காற்றின் உப்பு பூத்து ஈரமாக நிற்கிறது. ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உப்புத் தண்ணீர் அலையைத் தின்னும் என்பது எனக்குத் தெரியாததா, எத்தனை வீட்டில் துடைத்திருக்கிறேன். அளந்தது பனியை அல்ல, இருளாண்டியின் வாளியை. நேராக ஐஸ் பேக்டரி முதலாளியான தவுக்கேயிடம் போய் குளிர் அறையில் ஓர் ஓரம் கேட்டேன். கிழவனுக்குப் பைத்தியமா என்று சிரித்தார், ஆனாலும் கொடுத்தார். குழாயைத் தண்ணீரில் வைத்து இரண்டு நாள் உறையவிட்டு, மூன்று சட்டை போட்டுக்கொண்டு உள்ளே போய் அளந்தேன். வெளியே காற்றில் இருநூற்றைம்பது மெகாஹெர்ட்ஸில் நின்ற முள் பனிக்குள் நூற்றைம்பத்தைந்துக்கு இறங்கியது. நீ நூற்று நாற்பது என்று எழுதியிருந்தாய். என் கட்டி போதுமான கனம் இல்லை, சுற்றிலும் இன்னும் ஒரு முழம் பனி இருந்தால் மீதியும் இறங்கும், அதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். மூன்று தடவை அளந்தேன், மூன்று தடவையும் அதேதான்.

உன் வடிவேலு மாமா வந்திருந்தபோது, பிள்ளை ஏரியல் கட்டுறதுக்கா அமெரிக்கா போச்சு, இங்கேயே ஒரு ஏணி வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்றார். இனி உங்க டீவியில் படம் ஆடினா அமெரிக்காவுக்கே போன் போடுங்க மச்சான், நான் ஏறமாட்டேன் என்றேன். இன்றுவரை ஏறவில்லை. தோட்டத்துப் பயலுக்கு ரேடியோ எதற்கு என்று பதினாலு வயதில் நான் செய்த பெட்டியைத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி காலால் மிதித்து உடைத்தார். அவர் செத்தும் போனார், நான் மன்னிக்கவில்லை, மறுபடி செய்து பாட வைத்தேன். அந்த வீம்பில் பிறந்தவள் நீ. வேறு யாரிடம் வேண்டுமானாலும் தோற்றுக்கொள், தப்பாக அளந்த அப்பனிடம் தோற்காதே. உன் ஐம்பத்தேழு சென்டிமீட்டரையே பெட்டியில் ஏற்று. யாராவது கேட்டால் என் அளவுத் தாளைக் காட்டு, கூடவே வைத்திருக்கிறேன், தேதியும் கையெழுத்தும் இருக்கிறது.

மன்னிப்பு என்றெல்லாம் எனக்கு எழுத வராது. அளவு தப்பு, அந்தத் தப்பு என்னுடையது, கணக்கு உன்னுடையது, அது சரி. இதை நான் எழுதிக் கொடுத்தது உன் ஒருத்திக்குத்தான்.

நீண்ட ஆயுளும் கலங்காத மனசும் உனக்கு அமைய எங்கள் இருவரின் ஆசீர்வாதம். காதை மூடாமல் வெளியே போகாதே. ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு பேசி முடித்ததும் வைத்துவிடாதே, அப்பாவிடம் கொடு என்று கேள். நானாக வந்து வாங்கமாட்டேன், ஆனால் பக்கத்து நாற்காலியில்தான் இருப்பேன், ஐந்து வாரமாக அங்கேதான் இருக்கிறேன்.

உன் அப்பா,
வீரமுத்து