ஹெய்ல்வென் என்று கூப்பிடும்போது

பீரோவைத் திறந்ததும் அந்துருண்டை வாசனையோடு உன் கம்பளிச் சட்டை கைக்கு வந்தது. வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. இதை மதுரையில் யாரடி போடுவார்கள்? இருந்தும் முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு நின்றேன்.

பள்ளிக்கூடத்திலிருந்தே கூடத் திரிந்த சிநேகிதி என்னை விட்டுவிட்டு நர்ஸ் வேலைக்கு நீ வேல்ஸ் போன முதல் குளிர்காலத்தில், பக்கத்து வீட்டுக் கிழவி பின்னிக் கொடுத்தது. அவள் பெயர் ஹெய்ல்வென். அவர்கள் பாஷையில் வெயில் என்று அர்த்தமாம். நீ போனில் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"வெயில்னு போயி ஆசையா புள்ளைக்குப் பேரு வைப்பாகளா? செல்லூருக்கு வந்து எம்புட்டு வேணுமோ அள்ளிக்கிட்டுப் போகச் சொல்லு!"

நீ சிரிக்கவில்லை. "இல்லடி, மலைக்கு நடுவுல சின்ன ஊராம். விடாத மழையாம். இவ பொறந்த காலையிலதான் வெயில் அடிச்சுச்சாம். அவுக அப்பா சன்னலத் திறந்து பாத்துட்டு அந்தப் பேர வச்சாராம்."

பேருந்து நிறுத்தத்தில் வேர்த்து ஊற்ற நின்றிருந்தேன். கண்ணுக்குள் ஈரமான ஒரு மலையும், மேகம் விலகும் ஒரு சன்னலும் வந்து நின்றன. பார்க்காத ஊர்தான். ஆனாலும் அரைத்தூக்கத்தில் இன்னும் அங்கே போய் வருகிறேன்.

அந்தக் கிழவி இறந்தபோது நீ போனில் தேம்பி அழுதாய். "நம்ம ஊர்னா பேரன் பேத்திக்குப் பேரு வைப்பாக. அவளுக்குப் புள்ளகுட்டி யாருடி இருக்கா? எனக்கு மக பொறந்தா அந்தப் பேருதான்."

அதற்குள் உனக்கு என்னடி அவசரம்? நோயோடுதான் ஊர் திரும்பினாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வலியைப் பற்றி நீ பேசவில்லை. "அந்தப் பேரு என்னோட போயிருமோ?" என்றுதான் கேட்டாய். அதுதான் நீ என்னிடம் கடைசியாகக் கேட்டது.

என் மகள் பிறந்தபோது, தன் அம்மா பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று மாமியார் ஒற்றைக்காலில் நின்றார். "வாயில நொழையாத பேரு. ஆரு அவ? நமக்கு என்ன ஒறவு?"

உன்னைப் பற்றிச் சொன்னேன். கம்பளிச் சட்டையை அவர் மடியில் வைத்தேன். மாமியார் அதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"குளிருல நடுங்குன புள்ளைக்குப் பின்னிக் குடுத்தாளா? அப்ப ஒறவுதேன். வையி. எங்க அம்மா பேரு ரெண்டாவதா இருக்கட்டும்."

இப்போது உன் ஹெய்ல்வென் தெருவில் விளையாடுகிறாள். கூப்பிட்டுக் கூப்பிட்டு என் தொண்டை வற்றுகிறது. வேல்ஸ்காரர்கள் அதை எப்படிச் சொல்வார்களோ, தெரியாது. உன் வாயால் கேட்டதுதான் எனக்குத் தெரியும்: முதலில் லேசாக ஓர் இழுப்பு, முடிவில் சிரிக்கப் போவது போல ஒரு நிறுத்தம். நானும் அப்படியே கூப்பிடுகிறேன். யாராவது பெயர் கேட்டால் அவளும் அப்படியே சொல்கிறாள்.

உன் குரலை நான் எதிலும் பதிந்து வைக்கவில்லையடி. இந்த ஒரு பெயரில்தான் அது இருக்கிறது.