பதில் ஆள் வரும் வரை

கொலோன், பனாமா
1926 நவம்பர் 9

ஒப்பந்தம் முடிந்து இன்றோடு ஐந்து மாதம் நான்கு நாள். இரண்டரை வருடம் என்று சொல்லித்தான் சிந்து ஹைதராபாத்தில் முதலாளி சேட் வீட்டில் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

காலையிலிருந்து மழை. துறையில் இரண்டு கப்பல்கள். ஓர் அமெரிக்க மாது பதினேழு கிமோனோக்களைப் பிரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் தந்தத்தால் செய்த யானைப் பொம்மை ஒன்றை வாங்கிக்கொண்டு போனாள். கிமோனோக்களை மடித்துக்கொண்டே, என் பதில் ஆள் எப்போது வருவான் என்று லோகூமல் அண்ணனிடம் மறுபடியும் கேட்டேன். இந்தக் கிளைக்கு அவர்தான் மேனேஜர். விற்பனைக்கு நான், சமையலுக்கு டீகம். அவ்வளவுதான் நாங்கள்.

"ஹோத்சந்த் கப்பல் ஏறிட்டான்டா ரீஜு. அவன் இறங்குற அன்னிக்கே நீ ஏறு. நானா உன்னைப் பிடிச்சு வெச்சிருக்கேன்?"

பிடித்துத்தான் வைத்திருக்கிறார். என் பாஸ்போர்ட் அவருடைய இரும்புப் பெட்டியில் இருக்கிறது.

நவம்பர் 11

'அசல் ஜப்பான் பட்டு, அம்மா.' இன்று மட்டும் நாற்பது தடவை சொல்லியிருப்பேன்.

நவம்பர் 17

என் மனைவி பார்பதியின் கடிதம் வந்தது. எங்கள் வீட்டுப் பெண்கள் பிரார்த்தனைப் புத்தகம் படிப்பதற்காகக் குர்முகி எழுத்துக் கற்கிறார்கள். ஆண்களாகிய எங்களுக்குக் கணக்கு எழுதும் கடை எழுத்துதான் தெரியும். நான் எழுதுவதை அவளுக்கு அவள் அண்ணன் படித்துக் காட்டுவான். அவள் எழுதுவதை எனக்கு, குர்முகி தெரிந்த டீகம் படித்துக் காட்டுவான். கல்யாணமாகி மூன்று மாதத்தில் கிளம்பி வந்தவன் நான். என் மனைவியின் குரல் எப்படி இருக்கும் என்று யோசித்தால் டீகமின் குரல்தான் காதில் விழுகிறது. பருப்பு கிண்டிக்கொண்டே படிக்கிறான்.

"எல்லாரும் சௌக்கியமாம். எலுமிச்சங்கா ஊறுகா போட்டாங்களாம். ஊர்க் கால்வாயில தண்ணி கம்மியாம். அவ்வளவுதான் தம்பி."

இரண்டு பக்கக் கடிதம். அவ்வளவுதானா? 'பொம்பளைங்க எழுத்து பெரிசு பெரிசா இருக்கும்' என்றான்.

ஊறுகாய் நன்றாக வந்ததா என்று கேட்டுப் பதில் எழுதினேன்.

டிசம்பர் 2

என்ன சொல்ல!

ஹோத்சந்தின் கப்பல் வந்தது. டீகம் அவனுக்காக வெங்காயம் போட்டுக் கோகி ரொட்டி சுட்டுக் கொடுத்தான். தகர டப்பாவோடு துறைக்குப் போனேன். எல்லோரும் இறங்கினார்கள், அவன் இறங்கவில்லை. மேல்தட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு மெலிந்த ஆள் சிந்தியில் கத்தினான்.

"ரீஜு அண்ணனா? என்னை இறங்க விடமாட்டேங்கறாங்கண்ணே!"

"காகிதமெல்லாம் இருக்கா?"

"எல்லாம் இருக்கு! நான் கிளம்பறப்போ அந்தச் சட்டமே இல்லையாம். நடுக்கடல்ல இருக்கறப்போ போட்டுட்டாங்களாம்!"

நம் நாட்டவர், சீனர், துருக்கியர் யாரும் புதிதாக உள்ளே வரக்கூடாதாம். அக்டோபரில் போட்ட சட்டம். காவலாளியிடம் கெஞ்சினேன். கோகியையாவது கொடுக்க விடு என்றேன். அதற்கும் தலையை ஆட்டினான்.

அப்போதுதான் ஹோத்சந்த் அதைக் கேட்டான்: "ஏண்ணே, ஒப்பந்தம் முடிஞ்சும் இங்கேயே இன்னும் இருக்கேன்னு நீங்களே எழுதிக் குடுத்தீங்களாமே? அண்ணி அழுதுட்டாங்கன்னு எங்கம்மா சொன்னா!"

"நான் எழுதலடா! யார் சொன்னது?"

காவலாளி என் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டான். அதற்கு மேல் பேச முடியவில்லை.

டிசம்பர் 3

யார் அப்படி எழுதிக் கொடுத்தது என்று லோகூமல் அண்ணனிடம் கேட்டேன். "ஊர்ல நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க" என்று பேச்சை மாற்றினார். பிறகு உட்காரவைத்து, நோயாளிக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்.

"புது ஆள் உள்ள வர முடியாது. போன ஆள் திரும்ப வர முடியாது. நீ போனா அந்த இடம் போச்சு, திரும்பக் கிடைக்காது. கொஞ்ச நாள் பொறு. சட்டம்னா மாறும்."

எத்தனை நாள் என்று கேட்டேன். கடையைத் திறக்க எழுந்துவிட்டார்.

டிசம்பர் 5

ஹோத்சந்தை அதே கப்பலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவனாவது ஊருக்குப் போகிறான்.

டிசம்பர் 20

பார்பதியின் கடிதங்கள் பதினொன்றும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. டீகமை நம்ப மனம் வரவில்லை. அவனிடம் எழுத்துக் கற்றுக்கொடு என்றால் உஷாராகிவிடுவான். அதனால் அவனுடைய பிரார்த்தனைப் புத்தகத்தை மட்டும் கேட்டு வாங்கினேன். 'பக்தி வந்துட்டுதா தம்பி?' என்று சிரித்தான். காலைப் பிரார்த்தனை எனக்கு மனப்பாடம். வாயால் சொல்லிக்கொண்டே எழுத்தின் மேல் விரலை ஓட்டுகிறேன். இந்தச் சத்தத்துக்கு இந்த எழுத்து. பதினாறு நாளாக இதே வேலை. இருபத்தேழு வயதில் குழந்தைபோல.

டிசம்பர் 27

படித்துவிட்டேன்.

நவம்பரில் வந்த கடிதம். ஊறுகாய்க்கும் கால்வாய்க்கும் நடுவில் இருந்ததை அப்படியே இங்கே எழுதிவைக்கிறேன்:

'சேட் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். நீங்களே இன்னும் இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்ததாகச் சொன்னார்கள். இருக்கட்டும். அங்கே உங்களுக்கு வேறு குடும்பம் இருக்கிறதா என்பதை மட்டும் எழுதுங்கள். அழ மாட்டேன். எனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.'

இதற்கு நான் என்ன பதில் எழுதினேன்? ஊறுகாய் நன்றாக வந்ததா என்று.

ஐயோ, அவ என்ன நெனச்சிருப்பா! அவ அண்ணன் வாயால அதைக் கேட்டு நின்னிருப்பாளே. அதுக்கு முந்தின ரெண்டு கடுதாசியிலயும் இதேதான் கேட்டிருக்கா. நான் ஒண்ணுக்கு மழையைப் பத்தி எழுதினேன், இன்னொண்ணுக்குக் கப்பலைப் பத்தி.

டிசம்பர் 28

டீகமைக் கேட்டேன். அவன் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"லோகூமல் அண்ணன்தான் சொன்னாரு தம்பி, அழுகை வர்ற இடத்தைத் தாண்டிப் படி, இல்லேன்னா பய கடையில நிக்க மாட்டான்னு. சமைக்கத்தான் எனக்குச் சம்பளம். நான் என்ன பண்ணட்டும்?"

லோகூமல் அண்ணன் மறுக்கவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

"ஆமா, நான்தான் தலைமைக் கடைக்கு எழுதினேன். இங்க இருக்க உனக்கு இஷ்டம்னு எழுதினாத்தான் அவங்க உன்னை இங்க விட்டுவெப்பாங்க. ஆள் இல்லேன்னா கடையை மூடுன்னுடுவாங்க. மூடிட்டா நான் எங்கடா போவேன்?"

"என் பொண்டாட்டி என்னை என்ன நெனப்பான்னு யோசிச்சீங்களா?"

"ஒம்பது வருஷமா நான் ஊருக்குப் போகல. என் மகளுக்கு வயசு என்னன்னு கேட்டா விரல் விட்டு எண்ணித்தான் சொல்லணும். என்கிட்ட வந்து இதைக் கேக்கறியே."

கத்துவதற்காகத்தான் போனேன். அந்த முகத்தைப் பார்த்ததும் பாஸ்போர்ட்டை மட்டும் கேட்டேன். சேட் உத்தரவு வரட்டும் என்றார்.

டிசம்பர் 30

குர்முகியில் நானே அவளுக்கு எழுதினேன். ஒரு பக்கம் எழுத நான்கு மணி நேரம் ஆனது. இனி அவள் அண்ணன் படித்துக் காட்ட வேண்டியதில்லை.

1927 பிப்ரவரி 8

சேட்டிடமிருந்து உத்தரவு இல்லை. அவளிடமிருந்து பதில் இல்லை. கிமோனோ மட்டும் ஆறு பெட்டி வந்திருக்கிறது.

ஏப்ரல் 4

பதில் வந்தது. பின்கட்டில் அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்து, யாருடைய குரலும் இல்லாமல் படித்தேன்.

'உங்கள் கடிதத்தில் பதினான்கு பிழைகள். நான் எழுதிக் கொடுக்கவில்லை என்பதை மூன்று தரம் எழுதியிருக்கிறீர்கள், மூன்றும் மூன்று விதமாக. நம்புகிறேன். ஆனால் நம்பிக்கொண்டே எத்தனை வருடம் உட்கார்ந்திருப்பது? அதையும் எழுதுங்கள்.'

பிழைகளைத் திருத்திச் சின்னச் சின்ன எழுத்தில் ஒரு பட்டியலும் வைத்திருக்கிறாள். சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 7

நியூயார்க்கிலிருந்து உல்லாசக் கப்பல். நானூறு பேர் இறங்கினார்கள். கடை நிரம்பி வழிந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவில்லை. ஒரு துணியையும் தொடவில்லை.

"டேய், அந்தம்மா கேக்குது பார்."

"பாஸ்போர்ட், அண்ணே."

"வெள்ளைக்காரங்க முன்னாடி மானத்தை வாங்காதடா!"

"பாஸ்போர்ட்."

அவரே ஏணியில் ஏறினார். ஐம்பத்தைந்து வயது, மூட்டு வலி. ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறி மேல் தட்டிலிருந்து பட்டுச் சுருளை எடுத்தார். பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதுதான் இன்று நான் செய்த கஷ்டமான வேலை. இரண்டு தடவை எழப்போனேன். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நான்கு மணிக்குக் கப்பல் ஊதியது. கடை காலியானது. பிரித்த துணிகள் மலைபோலக் கிடந்தன. அவர் இரும்புப் பெட்டியைத் திறந்து பாஸ்போர்ட்டை என் முன்னால் வைத்தார்.

"கப்பல் கூலி கிடையாது. நம்ம கம்பெனியில இனி உனக்கு இடமும் கிடையாது. தெரியுமில்ல?"

"தெரியும்ணே."

பிறகு இருவரும் சேர்ந்து துணிகளை மடித்தோம்.

மே 3

கப்பலில். ஏறுவதற்கு முன் அதிகாரி ஒரு தாளை நீட்டினார். திரும்பி வர உரிமை கோர மாட்டேன் என்று அதில் எழுதியிருக்கிறதாம். ஸ்பானிய மொழியில் ஒரு தரம், ஆங்கிலத்தில் ஒரு தரம் சொல்லி, புரிகிறதா என்று கேட்டார். இவ்வளவு பொறுமையாக என்னிடம் இந்த ஊரில் யாரும் எதையும் விளக்கியதில்லை.

டீகம் வழியனுப்ப வந்தான். லோகூமல் அண்ணன் வரவில்லை. கப்பல் நாளில் கடையை விட்டு அவர் எப்படி வருவார்?

ஹைதராபாத், சிந்து
அக்டோபர் 16

ஷாஹி பஜாரில் மாமாவின் துணிக்கடைக்குப் போய்வருகிறேன். வருமானம் பாதிகூட இல்லை. மாமா ஒவ்வொரு கெஜத்தையும் தானே இன்னொரு முறை அளந்து பார்க்கிறார். எரிச்சலாகத்தான் இருக்கிறது. பனாமாவை விட்டு வந்த முட்டாள் என்று பஜாரில் ஒரு பேர் வேறு.

இன்று காலை சேட் வீட்டிலிருந்து ஓர் ஆள் வந்தான், புதிதாய்ச் சேர்ந்தவன், என்னை அடையாளம் தெரியாதவன். ஜாவாவில் சூரபாயா கிளையில் ஆள் பஞ்சமாம். நடந்ததையெல்லாம் சேட் மறந்துவிடத் தயாராம். இரண்டரை வருடம்தானாம். வாசலில் நின்றபடி, "ரீஜுமல் இருக்காருங்களா?" என்று என்னிடமே கேட்டான்.

நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து பார்பதியின் குரல் வந்தது.

"அவரு வீட்ல இல்லைன்னு சொல்லுங்க!"

அவனை நிமிர்ந்து பார்த்தேன். "இல்லைங்க," என்றேன்.