அரை மணி நேர நடை

அம்மா,

முட்டை இரண்டு அவித்து மூடி வைத்திருக்கிறேன். எனக்கென்று எடுத்து வைத்துவிட்டு நீ வெறும் டீயோடு நிறுத்திக்கொள்ளாதே. சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதே.

"தெனமும் அரை மணி நேரம் நடங்க, தனியா வேணாம், பொண்ணைக் கூட்டிட்டுப் போங்க" என்றார் நர்ஸ் அக்கா. நான்தான் நேற்று, "இந்த வயசுல உனக்கு இது தேவையா? என் ஃப்ரெண்ட்ஸ் பார்த்தா சிரிப்பாங்க" என்று கத்தினேன். நீ, "சரிடி, நான் மொட்டை மாடியிலயே நடந்துக்கறேன்" என்றாய். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை.

பதினேழு வயதில் எனக்கு ஒரு தம்பியோ தங்கையோ. சந்தோஷப்படுவதா கோபப்படுவதா, ஒன்றும் புரியவில்லை. படியேறும்போது உனக்கு மூச்சு வாங்கினால் மட்டும் பயமாக இருக்கிறது.

ஐந்து மணிக்கு வந்துவிடுவேன். வீங்கின காலுக்கு உன் செருப்பு இறுக்கும், என் ஷூவைப் போட்டுக்கொள். குனியாதே, லேஸை நான் வந்து கட்டுகிறேன். பள்ளிக்கூடத் தெரு மட்டும் வேண்டாம், பின்தெருவில் போவோம்.

பி.கு.: பின்தெரு ஒரே மேடு பள்ளம். பள்ளிக்கூடத் தெருவிலேயே போவோம். "ரெண்டு பேரும் எங்கடி கெளம்பிட்டீங்க?" என்று எவளாவது கேட்டால், "ரெண்டு இல்லடி, மூணு பேரு" என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.