வலது கை தூக்கிய சிசுகு

யாய்சு
ஜூன் 15, ஞாயிறு

அன்புள்ள நவோ,

நாங்கள் இருவரும் நலம். அங்கே ஜூனிலும் விடாத வடக்குக் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன். அப்பாவுக்கு இடுப்பு வலி தேவலை. உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது, அம்மாவுக்குப் பதில் போடக்கூட நேரமில்லையா என்று முணுமுணுத்திருப்பாய். நேரம் இருந்தது, மனசுதான் சரியில்லை.

இந்த வருஷம் எனக்கு நான்காம் வகுப்பு. ஆங்கிலமும் வகுப்பாசிரியைதான் நடத்த வேண்டும், என் ஆங்கிலத்தின் லட்சணம் உனக்குத் தெரியும். பெற்றோர் வந்து பின்னால் நின்று பார்க்கும் நாளில் எனக்கு ஆங்கில வகுப்பு என்று முடிவானது. அதற்கு முந்தின நாளே பிள்ளைகளிடம் ஓர் ஏற்பாடு சொல்லிவைத்தேன். பதில் தெரிந்தவர்கள் வலது கையைத் தூக்குங்கள், தெரியாதவர்கள் இடது கையை, வலது கைக்காரர்களை மட்டும்தான் கேட்பேன், இது நமக்குள் ரகசியம் என்றேன். ரெண்டு கையையும் தூக்கினா என்ன டீச்சர் என்று ஒருவன் கேட்க, போலீஸ் வந்துடுச்சுன்னு நெனச்சுக்குவோம்டா என்று இன்னொருவன் சொல்ல, வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

என் வகுப்பில் சிசுகு என்று ஒரு பெண், வாயே திறக்க மாட்டாள். வீட்டில் அப்பா மட்டும்தான். துறைமுகத்தில் மாசிக் கருவாட்டுக்குப் புகை போடும் கூடத்தில் வேலை. அன்று அரை நாள் விடுப்பு எடுத்து, புகை வாசம் போகாத சட்டையோடு வந்து ஓரமாக நின்றார். நான் பாடத்தில் உள்ள ஏழு காய்கறிப் படங்களைக் காட்டி ஆங்கிலப் பெயர் கேட்க, ஒவ்வொரு படத்துக்கும் முப்பது கையும் மேலே. அம்மாக்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சிசுகு வலது கையைத் தூக்கியிருந்தாள். கை மாறிவிட்டது போல, பாவம், அப்பா முன்னால் எழுப்பி மானத்தை வாங்கக் கூடாது என்று அவளைத் தாண்டிப் போனேன். அடுத்த படத்துக்கும் வலது கை, அப்போதும் தாண்டினேன். கடைசிப் படம் வரை அப்படியே ஓட்டினேன். வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் எழுதித் தரும் தாளில் அவள் எழுதியிருந்தாள், இன்று ஏழு முறை வலது கையைத் தூக்கினேன், அப்பாவும் நானும் தினமும் ராத்திரி ஏழு பெயரையும் மனப்பாடம் பண்ணினோம் என்று. குறையாக ஒரு சொல் இல்லை.

மறுநாள் சாப்பாட்டுப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போனவளை நிறுத்தி, உன்னக் கூப்பிட்டிருக்கணும்மா, டீச்சர் தப்புப் பண்ணிட்டேன் என்றேன். பரவால்ல டீச்சர், என் கை நல்லா நேரா நின்னுச்சாம், முப்பது பேர்ல நம்ம அதிர்ஷ்டம் அவ்வளவுதான்னு அப்பா சொன்னாரு என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, இடது கை விஷயத்த நான் அப்பாகிட்டக்கூடச் சொல்லல, நீங்க ரகசியம்னீங்கல்ல என்றாள். அவள் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் நவோ, ஒன்பது வயசுக் குழந்தை என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள்.

உன் பள்ளிக்கு இப்படி ஒரு நாள்கூட நான் வந்து நின்றதில்லை, பெற்றோர் பார்க்கும் நாள் என் பள்ளியிலும் அன்றைக்குத்தான் இருக்கும். நீ எந்தக் கையைத் தூக்கினாய் என்று எனக்குத் தெரியாது. மன்னித்துவிடு.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குப் பெற்றோர் சந்திப்பு, சிசுகுவின் அப்பா வருகிறார். எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன் என்று தலைமையாசிரியரிடம் சொன்னேன். முடிஞ்சத ஏம்மா கிளறுறீங்க, பேர் கெடுறது பள்ளிக்கூடத்துக்கும்தானே என்றார். பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்வேன். அப்பாவிடம் மறைக்கும்படி ஒரு குழந்தைக்கு நான் கொடுத்த சுமை, நான்தான் இறக்கி வைக்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள், வெயில் வந்த அன்றைக்கே மெத்தையைக் காயப் போடு. நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடி நடக்கட்டும்.

உன் அம்மா,
அகானே